ராக்கெட் எந்த நொடியில் கெட்டது? சிறு ராக்கெட்டுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மாதிரி ராக்கெட் ஒன்று ஒழுங்காகப் பறக்காமல் விழுந்தால் நம் கண் முதலில் போவது உடைந்த பாகத்துக்குத்தான். துடுப்பு முறிந்திருக்கிறதா, சரி, துடுப்பில்தான் கோளாறு என்று பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்தத் துடுப்பு தரையில் மோதியதால் முறிந்தது. கோளாறு அதற்குப் பல நொடிகள் முன்பே, மேலே எங்கோ தொடங்கியிருக்கும். அதனால் இந்த வழிமுறையைப் பாகம் பாகமாகப் பிரிக்காமல், ஏறத்தாழ நேர வரிசையில் எழுதியிருக்கிறேன். பொத்தானை அழுத்துவதிலிருந்து தரையில் இறங்கும்வரை ஒரு நிமிடம் ஆனாலே அதிகம். அதில் எந்த நொடியில் ராக்கெட் வழி தவறியது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், காரணம் தானாகவே ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

பெரிய ராக்கெட் விழுந்தாலும் விசாரணைக் குழு இதையே செய்கிறது. தரவை நொடி நொடியாகப் பின்னோக்கிப் படிக்கிறது. ஆகவே பல அறிகுறிகளுக்குப் பக்கத்தில், அதே கோளாறு கண்ட ஒரு பெரிய ராக்கெட்டின் வரலாற்றையும் சேர்த்திருக்கிறேன். காரணத்தோடு ஒரு சம்பவமும் சேர்ந்தால் அது மனதில் தங்கும்.

களத்துக்குப் போகும்போது இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு ஏவுதலையும் யாராவது ஒருவர் போனில் படம் எடுக்கட்டும், ஏவுமேடை முதல் தரை வரை, நடுவில் நிறுத்தாமல். அப்புறம், விழுந்த ராக்கெட்டை உடனே துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். உள்ளே படிந்த கரி, உருகிய பாராசூட், காலி மோட்டார் எல்லாம் சாட்சிகள்.

மோட்டாரின் மேல் எழுதியிருப்பது

கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்குத் துப்பு மோட்டாரின் குறியீட்டில்தான் இருக்கிறது. சி6-5 என்ற மோட்டாரை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்கிறது, அதாவது விசையையும் எரியும் நேரத்தையும் பெருக்கினால் வருவதை. ஏ என்றால் 1.26 முதல் 2.5 நியூட்டன்-நொடி, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் மேல்வரம்பு இரட்டிப்பாகும். நடுவில் உள்ள 6, சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்பதைக் காட்டுகிறது. கடைசி 5 என்பது தாமதம்: உந்தும் மருந்து எரிந்து முடிந்தபின் 5 நொடி ராக்கெட் சும்மா மேலே மிதந்து போகும், அதன் பிறகே முன்பக்கத்தில் இருக்கும் சிறிய வெடிமருந்து வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும்.

இந்த மோட்டாருக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1954-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்ற ஊரில், செருப்புக்கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் தன் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து, காகிதக் குழாயில் மருந்து அடைத்து, பாராசூட்டோடு திரும்பி வரும் சிறு ராக்கெட்டை உருவாக்கினார். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபின் அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் பித்துப் பிடித்தது. வீட்டிலேயே எரிபொருள் கலந்து, இரும்புக் குழாயில் அடைத்து, விரல்களையும் கண்களையும் இழந்தவர்கள் பலர். அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் ஸ்புட்னிக்குக்கு முன்பிருந்தே இந்த ஆபத்தைப் பற்றி எழுதிவந்தார். கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைக்க, மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு பிறந்தது. கொலராடோவின் வெர்னன் எஸ்டஸ் மோட்டார்களைத் தானாக அடைத்துத் தரும் எந்திரம் ஒன்றைச் செய்தார். ஒரே அளவு மருந்து, ஒரே அழுத்தம், ஒன்றைப் போலவே இன்னொன்று என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோளாறு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மோட்டார் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மருந்தை நீங்களே கலந்தால் கோளாறு எங்கே என்றே தெரியாது, கையும் போகும். ஆலையில் செய்த மோட்டாரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். அதை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியாவில் வெடிபொருள் சட்டத்தையும் விதிகளையும் பார்த்துவிட்டு, முறையான அனுமதியோடு நடக்கும் குழுக்கள் வழியாகப் போவதே சரி. தண்ணீர் ராக்கெட் விடுகிறவர்களுக்கும் சாய்வு, நிலைப்பு, பாராசூட் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை

முதலில் ராக்கெட் பக்கம் போகாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவியைக் கழற்றுங்கள், 60 நொடி காத்திருங்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ராக்கெட் சங்கத்தின் (என்.ஏ.ஆர்.) பாதுகாப்பு விதியே இதுதான்.

ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மனிதரை விண்வெளிக்கு அனுப்ப அமெரிக்கா சோதித்த மெர்குரி-ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் கதையைச் சொல்வேன். 1960 நவம்பர் 21 அன்று கேப் கனவெரலில் அந்த ராக்கெட் எஞ்சின் பற்றி, சுமார் 10 சென்டிமீட்டர் எழும்பியது. உடனே எஞ்சின் அணைந்து, மறுபடி மேடையிலேயே உட்கார்ந்துகொண்டது. உச்சியில் இருந்த, ஆபத்தில் விண்கலத்தை இழுத்துச் செல்லும் தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்து போனது. கொஞ்ச நேரத்தில் கலத்தின் பாராசூட் வெளியே வந்து பக்கவாட்டில் தொங்கியது. எரிபொருள் முழுக்க உள்ளே, மின்சுற்றுகளும் உயிரோடு. காற்று அடித்துப் பாராசூட் விரிந்தால் ராக்கெட்டே சாயலாம். பொறியாளர்கள் அவசரப்பட்டு அருகில் போகவில்லை. மறுநாள் காலைவரை மின்கலங்கள் தீரவும், திரவ ஆக்சிஜன் ஆவியாகவும் விட்டுவிட்டுப் பிறகே நெருங்கினார்கள். காரணம் தரையிலிருந்து வந்த இரண்டு மின் இணைப்புகள். கழலவேண்டிய வரிசை மாறி, நொடியின் மிகச் சிறிய துணுக்கு நேரம் முன்பின்னாகக் கழன்றிருந்தன.

சரி, 60 நொடி ஆனது. இப்போது இக்னைட்டரை, அதாவது மின்சாரத்தில் சூடாகி மோட்டாரைப் பற்றவைக்கும் சிறு கம்பியை, வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் முனை எரிந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

எரிந்திருந்தால் மின்சாரத்தில் கோளாறு இல்லை. இக்னைட்டரின் முனை மருந்தைத் தொடாமல் நாசிலின் (மோட்டாரின் கீழே புகை வெளியேறும் துளை) நடுவிலேயே நின்றிருக்கிறது. மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, முனை உள்ளே மருந்தில் இடிக்கும்வரை இறக்கி, பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்திப் பொருத்துங்கள். பெட்டியிலிருந்து வரும் ஒயரின் கிளிப்பை மாட்டும்போது இக்னைட்டர் கம்பி இழுபட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுவதே வழக்கமான காரணம். மாட்டிய பிறகு கம்பிக்குத் தளர்வு இருக்கவேண்டும்.

எரியவில்லை என்றால் மின்சுற்றைப் பாருங்கள். பெட்டியில் விளக்கு எரிந்ததே என்று பலர் வாதிடுவார்கள். விளக்கு எரிய மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். இக்னைட்டரைச் சூடாக்க இரண்டு ஆம்பியர் அளவுக்கு வேண்டும். தீரப்போகும் பேட்டரி விளக்கை அழகாக எரியவைக்கும், இக்னைட்டரைத் தொடக்கூட மாட்டாது. களத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் பேட்டரியைத்தான். புதிய ஆல்கலைன் செல்களைப் போட்டுப் பாருங்கள்.

பேட்டரியும் நல்லது என்றால் கிளிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஏவுதலிலும் மருந்துப் புகை அவற்றின் மேல் படியும். உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும். கிளிப்புகள் ஒன்றையொன்று தொட்டாலோ, இரண்டும் கீழே இருக்கும் தகட்டைத் தொட்டாலோ, மின்சாரம் இக்னைட்டரை அடையாமல் குறுக்கே போய்விடும். அப்போதும் விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும். இக்னைட்டரின் இரண்டு கால்களும் நாசிலுக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

தீப்பிடித்தது, ஆனால் கம்பியை விட்டுக் கிளம்பவில்லை

ராக்கெட் கம்பியிலேயே நின்று எரிந்து முடிந்தால் பாகங்களைக் குறை சொல்வதற்குமுன், ராக்கெட் நேராகக் கிளம்ப வழிகாட்டும் ஏவு கம்பியைத் துடைத்துப் பாருங்கள். கரி படிந்து சொரசொரப்பாக இருக்கும். ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு குழலுக்குள் பசையோ பெயிண்டோ வழிந்திருக்கலாம். இரண்டு குழல்கள் இருந்து, அவை ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் இறுகும். கிளிப்பின் ஒயர் துடுப்பில் சுற்றிக்கொள்வதும் உண்டு.

பெரிய திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கு இந்த நேரத்தில் ஒரு வசதி இருக்கிறது. 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் முயற்சியில், பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை என்று கணினி கண்டுபிடித்துக் கடைசி நொடியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. அதே ராக்கெட் ஏப்ரல் 18 அன்று பறந்தது. நம் கருமருந்து மோட்டார் பற்றிக்கொண்டால் அணைக்க வழியே இல்லை. அதனால்தான் டி வகை வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்கவேண்டும் என்கிறார்கள்.

கம்பியை விட்டதும் கரணம் போட்டது

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் ஆபத்தானது, புரிந்துகொள்ள வேண்டியதும் இதில்தான் அதிகம். ராக்கெட் கம்பியை விட்ட உடனே தலைகுப்புறச் சுழன்று, புகையால் வளையம் போட்டுக்கொண்டு எங்கோ பாய்ந்தால் அது நிலைப்பில் வந்த கோளாறு.

ராக்கெட்டில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்தபின் விரல் மேல் சமமாக நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். பக்கத்திலிருந்து வரும் காற்றின் தள்ளல் மொத்தமும் குவியும் இடம் அழுத்த மையம். ராக்கெட் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் காற்று வாலைத் தள்ளி நேராக்கும். முன்னால் இருந்தால் அதே காற்று மூக்கைத் தள்ளி மேலும் சாய்க்கும். ஈர்ப்பு மையம் குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்டம் அளவுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. அழுத்த மையத்தைக் கணக்கிட 1966-இல் ஜேம்ஸ் பாரோமேன் தந்த சமன்பாடுகளைத்தான் இன்றைய மென்பொருள்களும் அடிப்படையாகக் கொண்டுள்ளன.

சமன்பாடு வேண்டாம் என்றால் நூல் சோதனை இருக்கிறது. பறக்கும் நிலையில் எல்லாவற்றையும் ஏற்றி, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி, டேப்பால் நகராமல் ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் பறக்கவிடலாம். பக்கவாட்டிலோ வால் முன்னாலோ வந்தால் விடாதீர்கள். நல்ல ராக்கெட்கூட சில சமயம் இதில் தேறாது, அதனால் இரண்டு மூன்று முறை சுற்றிப் பாருங்கள்.

தேறவில்லையா? மூக்குக்கூம்புக்குள் கொஞ்சம் களிமண் வைத்து அழுத்துங்கள். அதுவே எளிய வழி, நல்ல வழியும்கூட. துடுப்பைப் பெரிதாக்கினாலும் அழுத்த மையம் பின்னால் போகும். ஆனால் துடுப்பின் எடையும் பின்னால்தான் சேரும், அதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

போன வாரம் நன்றாகப் பறந்ததே, இன்று ஏன் இப்படி என்ற கேள்வி அடிக்கடி வரும். போன வாரம் என்ன மோட்டார் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஏ8-3, சி6-5 இரண்டும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 70 மில்லிமீட்டர் நீளம். வெளியே பார்த்தால் ஒன்றுதான். ஆனால் சி6 ஏறத்தாழ 8 கிராம் கூடுதல், அத்தனையும் வாலில். சின்ன ராக்கெட்டுக்கு 8 கிராம் பெரிய பாரம், ஈர்ப்பு மையத்தைப் பின்னால் இழுத்துவிடும்.

நிலைப்பு விஷயத்தில் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டே சறுக்கியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸின் ஆபர்ன் ஊரில் அவர் பறக்கவிட்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் உச்சியில் இருந்தது, தொட்டிகள் கீழே தொங்கின. மேலிருந்து இழுத்தால் கீழே உள்ள பாரம் ஊசல் போல நேராகத் தொங்கும் என்பது எண்ணம். ராக்கெட் சாயும்போது எஞ்சினும் அதோடு சேர்ந்து சாய்கிறது, உந்துவிசையின் திசையும் கூடவே மாறுகிறது. ஆகவே நிமிர்த்தும் விசை எதுவும் கிடைப்பதில்லை. அந்த ராக்கெட் இரண்டரை நொடி பறந்து, சுமார் 12.5 மீட்டர் உயரம் தொட்டு, 56 மீட்டர் தள்ளி விழுந்தது. பின்னாளில் கோடார்ட் எஞ்சினைக் கீழே மாற்றினார்.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மைசூர்க்காரர்கள் வேறு வழியில் இதைச் சமாளித்திருந்தார்கள். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் பயன்படுத்திய ராக்கெட்டுகளில் இரும்புக் குழாயோடு நீண்ட மூங்கிலோ வாளோ கட்டப்பட்டிருந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை அவை கலங்கடித்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததும் ராக்கெட்டால்தான் என்று சொல்வார்கள். காகிதக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் அவை அந்தக் காலத்தின் மற்ற ராக்கெட்டுகளைவிடத் தூரம் போயின. அந்த மூங்கில் செய்வது அழுத்த மையத்தைப் பின்னால் தள்ளும் வேலை. தீபாவளி ராக்கெட்டின் குச்சியும் அதற்குத்தான், குச்சி முறிந்த ராக்கெட் தெருவில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்லிச்சுக்குப் போய், ஆங்கிலேயரான வில்லியம் காங்கிரீவின் போர் ராக்கெட்டுகளுக்குத் தூண்டுதலாயின. அவரும் குச்சியை விடவில்லை. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்ற ஊரில், வறண்ட கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட் குழாய்கள் கிடைத்தன.

உடம்பு சுழன்றுகொண்டே ஏறுகிறது

பாதை நேராக இருந்து, ராக்கெட் தன் அச்சில் மட்டும் சுழன்றால் பெரிய கவலை இல்லை. துடுப்பு ஏதோ ஒன்று கோணலாக ஒட்டியிருக்கிறது. கீழிருந்து, மோட்டார் பக்கமாகப் பார்த்தால் எது என்று தெரியும். சுழற்சி கொஞ்சம் உயரத்தைத் தின்னும், அவ்வளவுதான். 1844-இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹேல் புகையை வளைத்து வெளியேற்றி, ராக்கெட்டை வேண்டுமென்றே சுழலவைத்துத்தான் குச்சியே இல்லாத ராக்கெட்டைக் கொண்டுவந்தார்.

காற்று வரும் பக்கம் சாய்ந்து போகிறது

கரணம் அடிக்கவில்லை, நேராகத்தான் போகிறது, ஆனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே வளைந்து போகிறது. இதைப் பார்த்து நிலைப்பு போதவில்லை என்று மூக்கில் இன்னும் களிமண் சேர்ப்பவர்கள் உண்டு. அது கோளாறை அதிகமாக்கும். இங்கே நிலைப்பு தேவைக்கு மேல் இருக்கிறது, அல்லது ராக்கெட் மிக மெதுவாகக் கம்பியை விடுகிறது.

கம்பியை விடும்போது நொடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகமாவது இருக்கவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பக்கக் காற்று பெரிதாகத் தெரியும், துடுப்புகள் ராக்கெட்டை அதை நோக்கித் திருப்பிவிடும். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்கு இருந்தால் இந்த வேகம் பொதுவாகக் கிடைக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிராம் ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 1 நியூட்டன். சராசரி 6 நியூட்டன் தரும் மோட்டார் ஆறு மடங்கு, போதும். அதே மோட்டாரில் 200 கிராம் ராக்கெட்டை வைத்தால் மூன்று மடங்குதான். பி-யை எடுத்துவிட்டு சி போட்டேனே என்பார்கள். பி6-க்கும் சி6-க்கும் சராசரி விசை ஒன்றுதான், சி அதிக நேரம் எரிகிறது, அவ்வளவே. எழுத்தைப் பார்க்காமல் நடு எண்ணைப் பாருங்கள்.

விசை போதவில்லை என்றால் எடையைக் குறைக்கலாம், நீளமான கம்பி வைக்கலாம், நடு எண் பெரிதாக உள்ள மோட்டாருக்குப் போகலாம். காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மேலே நன்றாகப் போனது, பாராசூட் வரவில்லை

இதில் ராக்கெட்டைத் திறப்பதற்குமுன் வெளியிலிருந்தே ஒரு கேள்வி: மோட்டார் குழாயில் இருக்கிறதா?

இல்லை என்றால், முன்பக்க வெடிமருந்து பாராசூட்டைத் தள்ளாமல் மோட்டாரையே பின்னால் துப்பிவிட்டது. எது லேசாக இருக்கிறதோ அதுதான் வெளியே போகும். மோட்டாருக்கு மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்குங்கள், அல்லது அதைப் பிடிக்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டார் இருக்கிறது, குழாயின் உள்ளே கரியும் இருக்கிறது, மூக்குக்கூம்பு மட்டும் அசையவில்லை என்றால் கூம்பு இறுக்கம். ஈரக் காற்றில் காகிதக் குழாய் லேசாக ஊதும். காலையில் சரியாக இருந்த கூம்பு மதியம் இறுகும். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் கூம்பு தானாக விழக்கூடாது, லேசாகக் குலுக்கினால் நழுவவேண்டும். கூம்பின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்தோ, டேப்பைச் சேர்த்தோ குறைத்தோ இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். பி.எஸ்.எல்.வி.யின் 41-ஆவது பயணமான சி39-க்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். 2017 ஆகஸ்ட் 31 அன்று எல்லா நிலைகளும் எரிந்தன, மேலே போனது, ஆனால் செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம் பிரியவே இல்லை. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் செயற்கைக்கோள் அதற்குள்ளேயே அடைபட்டுக்கிடந்தது.

கூம்பு வெளியே வந்தும் பாராசூட் விரியவில்லை என்றால் மடித்த விதத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பாராசூட்டை முந்தின இரவே மடித்து வைத்தால் மடிப்பு அப்படியே படிந்துவிடும், குளிர்ந்தால் இன்னும் மோசம். ஏவுவதற்குச் சற்று முன்பு மடித்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, குழாயில் தளர்வாக நழுவும்படி வையுங்கள். விரலால் திணித்தால்தான் போகிறது என்றால் அது வெளியே வராது.

பாராசூட் உருகி ஒட்டியிருந்தால், மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவில் வைக்கும் தீத்தடுப்புத் தாள் போதவில்லை. குழாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தளர்வாகக் கசக்கிப் போடுங்கள். சாதாரண டிஷ்யூ காகிதம் வேண்டாம், அது கனன்றுகொண்டே புல்லில் விழும்.

குழாயில் கரியே இல்லை, கூம்பும் அசையவில்லை என்றால் மோட்டாரின் குறியீட்டை மறுபடி படியுங்கள். கடைசி எண் 0 என்றால் அது இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழ் மோட்டார். அதில் தாமதமும் கிடையாது, பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் கிடையாது. தப்பான பாகம் என்பது பெரியவர்களுக்கும் நேரும். சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குத் திரும்பிய நாசாவின் ஜெனிசிஸ் விண்கலத்தில், வேகக் குறைவை உணரும் சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. பாராசூட்டுக்கு உத்தரவே போகவில்லை. கலம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் தரையில் மோதியது. ஏவுவதற்குமுன் இன்னொருவரிடம் கொடுத்து மோட்டார் குறியீட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நம் கண் நாம் நினைத்ததையே படிக்கும்.

பாராசூட் வந்தது, ஆனால் குழாய் நீளவாக்கில் கிழிந்துவிட்டது

ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாராசூட் வெளியே வந்தால், கூம்பையும் குழாயையும் இணைக்கும் எலாஸ்டிக் கயிறு குழாயின் விளிம்பை அறுத்துக்கொண்டே இறங்கும். இதைத்தான் ஜிப்பர் என்கிறார்கள். போனில் எடுத்த படத்தைப் பாருங்கள். வெடிக்கும்போது மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தால் தாமதம் குறைவு, பி6-4 போட்ட இடத்தில் பி6-6 போடவேண்டும். மூக்கு கீழே திரும்பிப் பாய ஆரம்பித்திருந்தால் தாமதம் அதிகம், குறைந்த எண்ணுக்குப் போங்கள். உச்சியில், ஏறக்குறைய நின்றுவிட்ட நொடியில் வெடிப்பதே சரியான தாமதம். ஒரு விஷயம் கவனியுங்கள்: கனமான ராக்கெட் குறைந்த வேகமே எடுக்கும், சீக்கிரம் உச்சியைத் தொட்டுவிடும், அதற்குக் குறைந்த தாமதம் வேண்டும். கயிற்றையும் கொஞ்சம் நீளமாக வையுங்கள், ராக்கெட்டின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

பற்றவைத்த உடனே வெடித்தது

கம்பியிலேயே பெரும் சத்தத்தோடு ராக்கெட் சிதறினால் உங்கள் கட்டுமானத்தில் தவறு தேடாதீர்கள். மோட்டார் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தேடுங்கள். அழுத்தி அடைத்த கருமருந்தும் காகித உறையும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. கார் டிக்கியில் பகலில் வெந்து, இரவில் குளிர்ந்து, இப்படிப் பல நாள் கிடந்தால் மருந்துக்கும் உறைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழும். பற்றவைத்ததும் தீ அந்த இடைவெளியில் ஓடி, மருந்தின் பக்கமெல்லாம் ஒரே நேரத்தில் எரியும். அழுத்தம் எகிறிவிடும். கீழே போட்ட மோட்டாரில் மருந்தில் விரிசல் விழுந்தாலும் இதேதான். தீ போகக்கூடாத வழியில் போனால் என்ன ஆகும் என்பதை 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் உலகமே பார்த்தது. குளிரில் விறைத்த ரப்பர் வளையம் மூட்டை அடைக்கவில்லை, சூடான வாயு அந்த வழியே பாய்ந்தது, ஏழு உயிர்கள் போயின.

மோட்டார்களை வீட்டுக்குள் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். களத்திலும் வெயிலில் பரப்பாதீர்கள். கீழே விழுந்ததைப் பயன்படுத்தாதீர்கள். உறை பிரிந்து வரும்வரை தண்ணீரில் ஊறப்போட்டு ஒழித்துவிடுங்கள். வெடிப்பு நாசில் வழியா, முன்பக்கமா, பக்கவாட்டிலா என்று மிச்சத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதே பொதியில் உள்ள மற்ற மோட்டார்களையும் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டடுக்கில் மேலடுக்கு பற்றவில்லை

கீழ் மோட்டாரில் மருந்து மேல்முனை வரை எரிந்து முடியும்போது, சூடான துகள்கள் மேல் மோட்டாரின் நாசிலுக்குள் பாய்ந்து அதைப் பற்றவைக்கவேண்டும். இரண்டு மோட்டார்களும் ஒன்றையொன்று தொட்டபடி, ஒரு சுற்று செலோடேப்பால் ஒட்டியிருந்தால் இது நடக்கும். இடையில் சந்து இருந்தாலோ, டேப் இல்லாவிட்டாலோ, அழுத்தம் மேலடுக்கை முன்கூட்டியே தள்ளிவிடும், தீ பின்னால் நின்றுவிடும். கீழ் அடுக்கின் எண் 0 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1987 மார்ச் 24 அன்று இந்தியாவின் ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் பக்கவாட்டு மோட்டார்கள் ஒழுங்காக எரிந்து முடிந்தன, அடுத்துப் பற்றவேண்டிய நடு மோட்டார் பற்றவே இல்லை. மறு ஆண்டு இரண்டாவது பயணமும் அதே கைமாற்றும் நேரத்தில்தான், கட்டுப்பாடு போதாமல் விழுந்தது. 1992 மே 20 அன்று மூன்றாவது பயணத்தில்தான் அது வெற்றி கண்டது. ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குப் போகும் அந்த நொடி எந்த அளவு ராக்கெட்டுக்கும் கடினமானது. ஆகவே ஓரடுக்கில் பல முறை நேராகப் பறந்த பிறகே இரண்டடுக்குக்குப் போங்கள். மேலடுக்கு பற்றாமல் விழுந்தால், உள்ளே முழு மோட்டார் இருக்கிறது என்று நினைவில் வைத்து, சற்று நேரம் கழித்துப் பெரியவர் ஒருவர் மட்டும் போய் எடுக்கட்டும்.

எல்லாம் சரியாக நடந்தது, ராக்கெட்டைக் காணோம்

பாராசூட் தேவைக்குப் பெரிது. நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டினால் வேகமாக இறங்கும். லேசான ராக்கெட்டுக்குப் பாராசூட்டுக்குப் பதில் நீளமான ரிப்பனே போதும். அப்புறம் முதல் ஏவுதலுக்கு எப்போதும் சிறிய மோட்டார். காற்று எவ்வளவு தூரம் அடித்துச் செல்கிறது என்று ஏ8-3 காட்டிவிடும், அதைப் பார்த்துவிட்டு சி6-5 போடலாம். ஏவு கம்பியைக் காற்று வரும் பக்கம் லேசாகச் சாய்க்கலாம், செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குள்.

மரத்தில் மாட்டியதை நீண்ட கழியால் எட்டிப் பார்க்கலாம், ஏறவேண்டாம். மின்கம்பியில் மாட்டினால் கழியையும் எடுக்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். மின்சாரத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அடுத்த ராக்கெட்டுக்குக் குழாய் வெட்ட ஆரம்பியுங்கள்.